முப்பத்தொரு ஒன்றுகளால் ஆன எண்

2,14,74,83,647 என்பது பத்து இலக்க எண். சொற்களில் எழுதினால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு. பதின்ம முறையில் இதன் இலக்கங்களில் எந்த ஒழுங்கும் தென்படாது. 0, 1 என்ற இரண்டே இலக்கங்களைக் கொண்ட இரும முறையில் எழுதினால் தோற்றமே மாறிவிடும்: 1111111 11111111 11111111 11111111. மொத்தம் 31 ஒன்றுகள், நடுவில் ஒரு சுழியம்கூட இல்லை. அதாவது இந்த எண் 2³¹ − 1. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை பலருக்கும் தெரிந்தது. அந்தப் பலகையில் முதல் 31 கட்டங்களில் சேரும் மணிகளின் மொத்தக் கணக்கு இதுவே. 32ஆம் கட்டத்தில் மட்டும் வைக்கப்படுபவை அந்த மொத்தத்தைவிட ஒன்று அதிகம்.

இந்த எண்ணைக் கணிதம் படித்தவர்கள் ஒரு காரணத்துக்காகவும், கணினி நிரல் எழுதுபவர்கள் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருப்பார்கள். முன்னவர்களுக்கு இது லியோனார்டு ஆய்லர் 1772இல் பகா எண் என்று காட்டிய எண். பின்னவர்களுக்கு இது 32 பிட்டுகளில் (இரும இலக்கங்களில்) குறியோடு எழுதப்படும் முழுஎண் ஒன்று எட்டக்கூடிய உச்ச வரம்பு. இரண்டு புகழுக்கும் மூலம் ஒன்றே: அந்த 31 ஒன்றுகள்.

பகா எண் என்பதால் மட்டும் இதற்குத் தனிச்சிறப்பு வந்துவிடாது. 1இலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 2147483647 வரிசையில் 10,50,97,565ஆவது பகா எண். இந்த அளவிலுள்ள எண்களில் ஏறத்தாழ 21 அல்லது 22 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். அப்படிப் பார்த்தால் இது கூட்டத்தில் ஒன்று. அக்கம்பக்கத்து எண்களையும் சற்றுப் பார்க்கலாம். அடுத்த எண் 2147483648, 2இன் 31ஆவது அடுக்கு. இரண்டைத் தவிர வேறு பகாக் காரணியே அதற்குக் கிடையாது. அதற்கும் அடுத்த 2147483649, 3 × 715827883 என்று பிரியும். அந்த 715827883ஐ மேற்கொண்டு பிரிக்க முடியாது. முந்தைய எண் 2147483646 அதற்கு நேர்மாறாகச் சிறு துண்டுகளாக நொறுங்கும்: 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. இந்தக் காரணிப் பட்டியலில் 5 இல்லை என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சமவாய்ப்பு எண்களைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

2இன் ஓர் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றுள் எவை பகா எண்கள் என்ற கேள்வி நெடுங்காலமாக நிற்கிறது. பாதி விடையை இரும வடிவமே சொல்லிவிடும். ஆறு ஒன்றுகளை எடுத்துக்கொண்டால் 111111 என்பதை 111, 111 என்று இரு துண்டாக்கலாம்; எனவே அதை 111 வகுக்கும். பதின்மத்தில் இது 63 = 7 × 9. இதே போல ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால், அவற்றைச் சம நீளத் துண்டுகளாக வெட்டலாம்; அந்தத் துண்டு முழு எண்ணை வகுத்துவிடும். ஆகவே 2ⁿ − 1 பகா எண்ணாக இருக்க வேண்டுமானால் n பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும். 31 அந்த நிபந்தனையில் தேறுகிறது. ஆனால் நிபந்தனை அதோடு முடிவதில்லை: 11 பகா எண்தான், இருந்தும் 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இத்தாலியின் பியெத்ரோ கத்தால்தி 1588இல் 2¹⁷ − 1 = 131071, 2¹⁹ − 1 = 524287 ஆகிய இரண்டும் பகா எண்கள் என்று காட்டினார். அவர் வழி நேர்வழி. 750 வரையுள்ள பகா எண்களைப் பட்டியலிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தார். 524287இன் வர்க்கமூலம் 724தான் என்பதால் பட்டியல் போதுமானதாக இருந்தது. அதற்குமேல் அவர் கணக்கிடவில்லை, ஊகித்தார்: 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்றார். நான்கில் மூன்று தவறு. 23ஐயும் 37ஐயும் ஃபெர்மா 1640இல் உடைத்தார்; 2²³ − 1ஐ 47 வகுக்கும், 2³⁷ − 1ஐ 223 வகுக்கும். 2²⁹ − 1 ஆனது 1103ஆல் வகுபடும் என்பது 1738இல் அச்சான ஆய்லரின் கட்டுரையில் இருக்கிறது. எஞ்சியது 31 மட்டுமே.

பாரிசில் வாழ்ந்த துறவி மரேன் மெர்சென் 1644இல் வெளியிட்ட நூலில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்று ஒரு பட்டியல் தந்தார்; 257 வரை இந்த அடுக்குகள் மட்டுமே பகா எண்ணைத் தரும் என்பது அவர் கூற்று. 67, 257 இரண்டும் தவறு என்றும், 61, 89, 107 விடுபட்டன என்றும் தெரிய வர மூன்று நூற்றாண்டு பிடித்தது. பிழை மலிந்த அந்தப் பட்டியலை வைத்தே அவர் பெயர் இந்த எண்களுக்கு நிலைத்துவிட்டது. கத்தால்தி உழைத்துக் கண்ட இரண்டு விடைகளுக்கு அப்படியொரு புகழ் கிடைக்கவில்லை.

கத்தால்தியின் வழியில் 2³¹ − 1ஐச் சோதிப்பது பெரும் வேலை. 2147483647இன் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும். அதுவரை ஏறத்தாழ 4,800 பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுக்க வேண்டும். ஆய்லருக்கு 1772இல் வயது 65. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்தார். ஒரு கண் பார்வை இளமையிலேயே போயிருந்தது. மறு கண்ணும் சில ஆண்டுகளுக்கு முன் புரையால் மங்கி, கிட்டத்தட்ட முழுப் பார்வையையும் இழந்திருந்தார். 2147483647 பகா எண் என்ற செய்தியைச் சக கணிதவியலாளர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். அவர் செய்ததும் வகுத்துப் பார்ப்பதுதான். ஆனால் எந்த எண்களால் வகுக்க வேண்டும் என்பதை முதலில் சலித்தெடுத்தார்.

q என்ற பகா எண் 2³¹ − 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2இன் அடுக்குகளை வரிசையாக qஆல் வகுத்து மீதிகளை எழுதினால் அவை ஒரு சுற்றில் திரும்பத் திரும்ப வரும். 2³¹க்கு மீதி 1 என்பதால், சுற்றின் நீளம் 31ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். சுற்றின் நீளம் 1ஆக இருக்கவும் வழியில்லை. எனவே நீளம் சரியாக 31. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2இன் (q − 1)ஆவது அடுக்குக்கும் மீதி 1. ஆகவே q − 1 என்பது 31இன் மடங்கு. q ஒற்றைப்படை என்பதால் q − 1 இரட்டைப்படை. முடிவு: q − 1, 62இன் மடங்காக இருக்க வேண்டும். 62, 124, 186 என்று போகும் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெறும் எண்களைத் தவிர மற்ற எல்லாம் வகுத்துப் பார்க்காமலே விலகிவிடுகின்றன.

இரண்டாவது சல்லடை இன்னும் நுட்பமானது. 2³¹க்கு மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. ஆனால் 2³² ஒரு முழு வர்க்கம், 65536இன் வர்க்கம். அதாவது ஒரு முழு வர்க்கத்தை qஆல் வகுத்து 2 மீதியாகக் கிடைத்திருக்கிறது. ஒற்றைப்படைப் பகா எண்களில் இது நிகழக்கூடியவை, 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி தருபவை மட்டுமே. இரு சல்லடைகளையும் சேர்த்தால் எஞ்சுபவை 248இன் மடங்கோடு 1 அல்லது 63ஐக் கூட்டிப் பெறும் எண்கள்.

தொடக்கத்தை எழுதிப் பார்க்கலாம்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இந்தப் பத்தில் 249 = 3 × 83, 497 = 7 × 71, 559 = 13 × 43, 1241 = 17 × 73; 745, 1055 ஐந்தின் மடங்குகள்; 807, 993 மூன்றின் மடங்குகள். பகா எண்கள் இரண்டே: 311, 1303. 2147483647ஐ 311ஆல் வகுத்தால் மீதி 35. 1303ஆல் வகுத்தால் மீதி 226. இரண்டும் வகுக்கவில்லை. இப்படியே 46,340 வரை சென்றால் அந்த வடிவில் உள்ள எண்கள், 63ஐ விட்டுவிட்டால், 372. அவற்றிலும் பகு எண்களை ஒதுக்கினால் வகுக்க வேண்டியவை அதைவிடக் குறைவு. எதுவும் வகுக்கவில்லை. 4,800 வகுத்தல்கள் நூற்றுக்கணக்கில் சுருங்கிய இந்த இடத்தில்தான் ஆய்லரின் கைத்திறன் இருக்கிறது. எஞ்சிய வகுத்தல்களைப் பொறுமை உள்ள எவரும் செய்துவிடலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பகா எண் என்று அறியப்பட்டவற்றுள் இதுவே பெரியது. அது இன்னொரு பழைய தேடலோடும் இணைந்திருந்தது. தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகள் அனைத்தின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண் எனப்படும்: 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண் கிடைக்கும் என்பது யூக்ளிடின் நூலிலேயே உண்டு. இரட்டைப்படை நிறைவெண்கள் வேறு எவ்வழியிலும் வர முடியாது என்று ஆய்லர் நிரூபித்தார். 2147483647ஐ 2³⁰ஆல் பெருக்கினால் வருவது எட்டாவது நிறைவெண், 2305843008139952128. காரணம் எளிது. 2³⁰இன் வகுத்திகளான 1, 2, 4 முதலியவற்றின் கூட்டுத்தொகை 2³¹ − 1. பகா எண்ணின் வகுத்திகள் 1உம் அதுவுமே, அவற்றின் கூட்டுத்தொகை 2³¹. இரண்டையும் பெருக்கினால் நிறைவெண்ணின் இருமடங்கு கிடைக்கும். அதிலிருந்து அந்த எண்ணையே கழித்தால் மீண்டும் அதே எண்.

1811இல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ எண் கோட்பாடு பற்றிய தம் நூலில், கண்டுபிடிக்கப்படக்கூடிய நிறைவெண்களுள் இதுவே கடைசியும் பெரியதுமாக இருக்கும் என்று எழுதினார். இத்தகைய எண்கள் வேடிக்கைக்கு உரியனவேயன்றிப் பயன் எதுவும் இல்லாதவை, ஆகவே இதைத் தாண்டிப் போக யாரும் முயலமாட்டார்கள் என்பது அவர் வாதம். பயனற்றவை என்பதில் அவர் காலத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. மனிதர்கள் பயனற்ற வேலைக்கு மெனக்கெடமாட்டார்கள் என்ற கணிப்புதான் சறுக்கியது. 1876இல் பிரான்சின் எத்வார் லூக்கா 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 1883இல் ரஷ்யாவின் இவான் பெர்வூஷின் மெர்சென் தவறவிட்ட 2⁶¹ − 1ஐக் கண்டெடுத்தார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1க்கு 4,10,24,320 இலக்கங்கள். அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் அது 52ஆவது.

அவ்வளவு பெரிய எண்களை வகுத்துப் பார்த்துச் சோதிக்க முடியாது. லூக்கா தொடங்கி, அமெரிக்கரான டெரிக் ஹென்றி லேமர் 1930இல் செப்பனிட்ட சோதனை வேறு வகை. 4இல் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்தி 2ஐக் கழிக்க வேண்டும். சோதிக்கும் மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கு pஆக இருந்தால் இதை p − 2 முறை செய்தபின் 0 வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். 2⁷ − 1 = 127க்குச் செய்தால் மீதிகள் 4, 14, 67, 42, 111, 0 என்று ஐந்தே படிகளில் முடியும். 2147483647க்கு 29 படிகள். வரிசை 4, 14, 194, 37634, 1416317954 என்று வளர்ந்து, அதன்பின் மீதிகளாக மடங்கி, 29ஆம் படியில் 0 ஆகிறது. ஆய்லருக்குத் தேவைப்பட்ட நூற்றுக்கணக்கான வகுத்தல்களுக்குப் பதிலாக இங்கே 29 பெருக்கல்கள். ஒரு குறை உண்டு: எண் பகு எண் என்று இந்தச் சோதனை சொன்னாலும், அதன் காரணிகள் எவை என்று சொல்லாது.

மெர்சென் எண்ணால் வகுத்து மீதி காண்பது கணினிக்கு மிக எளிது என்பதும் இதில் உதவுகிறது. பதின்ம முறையில் ஓர் எண்ணை 9ஆல் வகுத்த மீதியைக் காண இலக்கங்களைக் கூட்டினால் போதும். 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே காரணம். 2³¹ஐ 2147483647ஆல் வகுத்தாலும் மீதி 1. எனவே எவ்வளவு பெரிய எண்ணானாலும் இரும வடிவில் வலமிருந்து 31 இலக்கங்களாக நறுக்கி, துண்டுகளைக் கூட்டிக்கொண்டே வந்தால் மீதி கிடைத்துவிடும். வகுத்தல் என்ற செயலே வேண்டியதில்லை.

பார்லோ இல்லை என்ற பயன் இந்த இடத்தில்தான் முளைத்தது. கணினியில் சமவாய்ப்பு எண்களைப் போலத் தோன்றும் எண்வரிசை வேண்டுமானால் ஒரு வழி, ஒவ்வொரு எண்ணையும் ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வது. இதை 1949இல் முன்வைத்தவரும் அதே லேமர்தான். வகுக்கும் எண்ணாக 2147483647ஐயும் பெருக்கும் எண்ணாக 16807ஐயும் கொண்ட வடிவத்தை லூயிஸ், குட்மேன், மில்லர் ஆகியோர் 1969இல் ஐபிஎம் 360 கணினிக்காக வெளியிட்டனர். 1988இல் பார்க், மில்லர் இருவரும் எழுதிய கட்டுரை இதைக் குறைந்தபட்சத் தரமாகக் கொள்ளலாம் என்றது. சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இது இருக்கிறது. 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும்.

16807ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எல்லாப் பெருக்கியும் பொருந்தாது. 2ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 31 படிகளில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். 31 வேறுபட்ட எண்களுக்கு மேல் கிடைக்காது. 7 அப்படியல்ல. 7இன் அடுக்குகளின் மீதிகள் 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் 1க்குத் திரும்பும். ஆனால் 7 மிகச் சிறியது. அடுத்தடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்பது வெளியே தெரிந்துவிடும். ஆகவே 7இன் ஐந்தாவது அடுக்கு எடுக்கப்பட்டது: 16807 = 7⁵. 2147483646இன் காரணிகளில் 5 இல்லை என்பதால் முழுச் சுற்றும் அப்படியே காக்கப்படுகிறது. மூன்றாவது அடுக்கான 343ஐ எடுத்திருந்தால், 3 ஒரு காரணி என்பதால், சுற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். இன்றைய கணினிகள் 214 கோடி எண்களைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். ஆகையால் பெரிய ஆய்வுக் கணக்குகளுக்கு இது போதாது, இரகசியக் குறியீட்டுக்கு அறவே ஆகாது. பின்னாளில் பார்க், மில்லர் இருவரும் பெருக்கியை 48271 என்று மாற்றப் பரிந்துரைத்தார்கள். வகுக்கும் எண்ணை மாற்றவில்லை.

கணினி உலகில் இந்த எண்ணின் பெரும்புகழ் பகா எண் என்பதால் வந்ததல்ல. 32 பிட்டுகளில் ஒரு முழுஎண்ணைச் சேமிக்கும்போது ஒரு பிட் குறிக்குப் போய்விடும். எஞ்சிய 31 பிட்டுகளும் ஒன்றாக இருக்கும் நிலையே மிகப் பெரிய மிகை எண். எதிர்ப்பக்கத்தில் −2147483648 வரை செல்லலாம். உச்சத்தில் இருக்கும்போது ஒன்றைக் கூட்டினால் 31 ஒன்றுகளும் சுழியமாகி, மிகுதி குறிப் பிட்டில் ஏறிக்கொள்ளும். வழக்கமான கணினிகளில் 214 கோடி மிகையிலிருந்து 214 கோடி குறைக்கு ஒரே படியில் தாவிவிடும். ஆய்லர் வகுத்தலை நிறுத்த வேண்டியிருந்த 46,340 இங்கும் தலைகாட்டுகிறது: 32 பிட்டுக்குள் வர்க்கப்படுத்தக்கூடிய மிகப் பெரிய எண் அதுவே. 46,341ஐ வர்க்கப்படுத்தினால் வரம்பு உடையும்.

இந்த வரம்பு பொதுமக்கள் கண்ணில் பட்டது 2014 டிசம்பரில். 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாடலின் காணொளி 214 கோடிப் பார்வைகளைத் தாண்டும் நிலையில், பார்வைகளை எண்ணும் முறையை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக யூடியூப் அறிவித்தது. மறு ஆண்டு வந்த செய்தி அவ்வளவு வேடிக்கையானதல்ல. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் இடைவிடாமல் இயங்கினால் உள்ளிருக்கும் எண்ணி நிரம்பிவிடும், மின்சாரமே நின்றுபோகக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015இல் எச்சரித்தது. நொடியின் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 2³¹ எண்ணிக்கை முடிய ஏறத்தாழ 248 நாளரை ஆகும். ஆய்லரின் சல்லடையிலும் 248தான் இருந்தது என்பது வெறும் தற்செயல்.

எல்லோருக்கும் பொதுவான தேதி ஒன்றும் உண்டு. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடங்கிக் கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. அந்த எண் 32 பிட்டில் வைக்கப்பட்டிருந்தால், 2147483647ஆம் நொடி 2038 ஜனவரி 19 அன்று உலகப் பொதுநேரம் 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு வரும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது காலை 8:44:07. அடுத்த நொடியில் அத்தகைய கருவி 1901 டிசம்பருக்குப் போய்விடும். லினக்ஸ் தன் 32 பிட் வடிவத்திலும் 64 பிட் நேரத்துக்கு 2020இல் வெளியான 5.6ஆம் பதிப்பில் வழி செய்துகொண்டது. 64 பிட் எண்ணி நிரம்ப ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். மாட்டிக்கொள்ளக்கூடியவை, நிறுவியபின் யாரும் மென்பொருளைப் புதுப்பிக்காத பழைய கருவிகள்.

32 பிட் வரம்பு பகா எண்ணாக அமைந்தது எந்த அளவுக்குத் தற்செயல்? கணினி ஒரே தொகுதியாகக் கையாளும் பிட்டுகளுக்குச் சொல் என்று பெயர். அதன் நீளம் பெரும்பாலும் 8, 16, 32, 64, 128 என்று இரண்டின் அடுக்காகவே இருக்கிறது. குறிக்கு ஒரு பிட் போனால் எஞ்சுவது 7, 15, 31, 63, 127. இவையும் மெர்சென் எண்களே. ஆக ஒவ்வொரு சொல் நீளத்தின் உச்ச வரம்பும், அடுக்கே ஒரு மெர்சென் எண்ணாக அமைந்த மெர்சென் எண். 15உம் 63உம் பகு எண்கள் என்பதால் 16 பிட், 64 பிட் வரம்புகள் பிரிந்துவிடுகின்றன: 32767 = 7 × 31 × 151; 9223372036854775807ஐ 7, 73, 127 ஆகியன வகுக்கும். 7, 31, 127 பகா எண்கள். அவற்றின் 127, 2147483647, 2¹²⁷ − 1 ஆகிய மூன்றும் பகா எண்களே. 4 பிட் சொல்லின் வரம்பான 7ஐயும் சேர்த்தால் நான்கு. அடுக்கும் தானும் மெர்சென் பகா எண்ணாக உள்ள எண்களுக்கு இரட்டை மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இதுவரை அறியப்பட்டவை இந்த நான்கு மட்டுமே.

இதைத் தாண்டித் தேடியவர்களுக்குக் கிடைத்தவை எல்லாம் பகு எண்கள். 256 பிட் முதல் 4096 பிட் வரையுள்ள சொல் நீளங்களுக்கு அடுக்கே பகு எண். 8192 பிட்டுக்கு அடுக்கு 8191, அது பகா எண். ஆனால் 2⁸¹⁹¹ − 1 பகு எண் என்று 1953இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் இலியாக் கணினி காட்டியது. 131071ஐ அடுக்காகக் கொண்ட எண்ணை 231733529 வகுக்கிறது. 524287ஐ அடுக்காகக் கொண்டதை 62914441 வகுக்கிறது. 2147483647ஐயே அடுக்காக வைத்தால் 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் வரும். அதை எழுதிப் பார்க்கத் தேவையில்லை. ஆய்லரின் முதல் சல்லடை இங்கும் பொருந்தும். அதன் பகாக் காரணி எதுவானாலும் 2147483647இன் இருமடங்கின் ஏதோ ஒரு மடங்கோடு 1 கூடியதாக இருக்க வேண்டும். இருமடங்கை 68,745ஆல் பெருக்கி 1 கூட்டினால் கிடைக்கும் 295257526626031 அந்த எண்ணை மீதியின்றி வகுக்கிறது. அடுத்த வாய்ப்பு 2⁶¹ − 1ஐ அடுக்காகக் கொண்டது. அதற்கு ஏறத்தாழ 6,940 கோடி கோடி இலக்கங்கள். லூக்கா–லேமர் சோதனையை அதில் நடத்த எந்தக் கணினியாலும் முடியாது, காரணி எதுவும் இதுவரை அகப்படவும் இல்லை.